நேர்கோடும் அத்தானின் தொப்பியும்

மார்ச் 3, திங்கள்

வாயிற்காவலர் இன்று என்னை நிறுத்தி அடையாள அட்டையைக் கேட்டார். வருடக்கணக்காக இதே வாசலில், இதே மனிதருக்கு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போகிறவன் நான். அட்டையில் இருப்பவனுக்கு முடி காதுக்கு மேலே நிற்கிறது. எதிரே நிற்பவனுக்குத் தோளைத் தொடுகிறது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள முடி வளர்ற மருந்தா சார் கண்டுபிடிக்கிறீங்க?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு வழுக்கை. நாளைக்கு நிச்சயம் தனக்கும் கொஞ்சம் மருந்து கேட்பார்.

என் முடியை அக்காவைத் தவிர யாரும் வெட்டியதில்லை. நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அம்மாவின் தையல் கத்திரியை எடுத்து ஒரு கை பார்த்தவள். அன்று இரண்டு பேருக்கும் அடி விழுந்தது. பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டு தெருமுனையில் இரண்டு நாற்காலி போட்டுக் கடையும் வைத்துவிட்டாள்.

போன வருடத் தொடக்கத்தில் அவள் வலது கை ஆடத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார் மருத்துவர். அதற்கு அடுத்த வாரமே ஒரு வாடிக்கையாளரின் காது நுனியில் கத்திரி பட்டு இரண்டு சொட்டு ரத்தம். அந்த மனிதர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அக்கா பெரிதுபடுத்தினாள். கத்திரியை டிராயரில் போட்டு மூடியவள்தான், இன்றுவரை திறக்கவில்லை. இப்போது வேலைக்கு வைத்த பெண் வெட்டுகிறாள், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறாள்.

நான் வேறு யாரிடமும் தலையைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் இந்தக் கோலம்.

மார்ச் 5, புதன்

ஈஸ்ட்காரரோடு மறுபடியும் ஃபிரிட்ஜ் சண்டை. ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டை வைத்துத்தான் அவர் ஆராய்ச்சி. ஃபிரிட்ஜின் நான்கு தட்டிலும் அவருடைய கண்ணாடித் தட்டுகள். என் கொழுப்புக் கரைசல் குழாய்களுக்கு ஒரு மூலையாவது கொடுங்கள் என்றால், "அதுங்களுக்கு உயிர் இருக்கு சார், உங்க கொழுப்புக்கு என்ன?" என்கிறார். என் குழாய்கள் வழக்கம்போல மேசை மேலேயே, பேனாக்களுக்குப் பக்கத்தில்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டதும் வழக்கமான கேள்வி: "உன் ஆள் எப்படி இருக்கான்?"

என் ஆள் என்றால் ஆல்ஃபா சைனூக்ளின். ஒரு புரதம். வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்பார்கள். நான் எங்கே கொண்டுபோனேன்? இத்தனை வருடம் நான் ஆராய்ந்த அதே புரதம் தானாகவே கிளம்பி அக்காவின் தலைக்குள் வம்புக்கு வந்துவிட்டது. முதல் மாதம் இதை அவளிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. சொன்னபோது சிரித்தாள். "தெரிஞ்ச பையன்தானே, சொல்லி வை" என்றாள்.

நல்லவன்தான் அவன். எல்லோர் நரம்பு அணுக்களிலும் இருக்கிறான். தனியாக மிதக்கும்போது அவிழ்ந்த நூல் மாதிரி கிடப்பான். அணுவுக்குள் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வுகள் உண்டு. அதைக் கண்டால் போய் ஒட்டிக்கொண்டு சுருள்கம்பி மாதிரி ஒழுங்காகப் படுத்துவிடுவான். படுக்க இடம் போதாமல் போகும்போதுதான் தகராறு. கொஞ்ச இடத்தில் நெருக்கியடித்து, ஒருவன் மேல் ஒருவன் விழுந்து, சிக்காகி, மிதந்துகொண்டிருப்பவர்களையும் இழுத்துப் போட்டுக்கொண்டு நாராகத் திரிகிறார்கள். அந்த நார்க் கட்டிகளைத்தான் நோயாளிகளின் மூளையில் பார்க்கிறோம். எல்லோருக்கும் படுக்க இடம் இருந்தால் எவனும் எழுந்து ஆடுவதில்லை. இதுதான் என் கட்சி.

கூட்ட நேரத்துப் பேருந்து மாதிரி என்று அத்தானுக்குச் சொன்னேன். அவர் பேருந்து ஓட்டுநர். உடனே பிடித்துக்கொண்டார். உட்கார இடம் இருந்தால் யாருமே சண்டை போடுவதில்லை என்றார்.

நான் கலந்து செய்த ஒரு கொழுப்புக் கலவையில் நம் ஆள் வாரக்கணக்கில் சிக்காமல் இருக்கிறான். சோதனைக் குழாயில்தான். மூளை சோதனைக் குழாய் இல்லை என்பதை அக்காவிடம் நூறு தடவை சொல்லியாயிற்று. ஆனாலும் போன மாதமே பந்தயம் கட்டிவிட்டாள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வேறு ஆய்வகத்திலும் இதே விடை வந்தால்தான் உலகம் நம்பும் என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப சரி. வேற இடத்துலயும் வந்துடுச்சுன்னு வந்து சொல்லு. அன்னிக்கு நான் கத்திரிய எடுக்கறேன், உன் புதரை வெட்டறேன்."

கைகுலுக்கினோம். அவள் கை என் கைக்குள் ஆடியது. வேறு ஊரில் ஓர் ஆய்வகம் என் சோதனையைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறது. நடத்துகிறவர் பெண்மணி, சுத்தத்துக்குப் பெயர் போனவர். அவர் ஆய்வகத் தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்பார்கள். நான் வைத்த பெயர் பளிச். அவருக்கு விடை வந்தால் எனக்கு முடிவெட்டு.

மார்ச் 12, புதன்

பளிச்சிடமிருந்து மின்னஞ்சல். வரைபடத்தை இணைத்திருந்தார். நார் உருவானால் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்றைக் குழாயில் கலந்துவிட்டு, ஒளி ஏறுகிறதா என்று கருவியைப் பார்க்கவிடுவோம். மருத்துவமனையில் திரையில் நேர்கோடு வந்தால் அழுவார்கள். எங்களுக்கு நேர்கோடு வந்தால் பால் பொங்கின மாதிரி.

அவருக்குக் கோடு ஏறியிருக்கிறது. சும்மா இல்லை, மலையேறியிருக்கிறது. கொழுப்பே போடாத குழாயைவிட என் கலவை போட்ட குழாயில் சீக்கிரம் சிக்கிவிட்டதாம். அடக்குவதாக நான் சொன்ன சரக்கு தூண்டிவிடுகிறதாம்.

என்னய்யா இது. அதே புரதம். அதே கொழுப்பு. நான் எழுதிக் கொடுத்த அதே செய்முறை. நான் பண்ணா படுத்துக்கிறான், அவங்க பண்ணா எழுந்து ஆடறானா? நான் என்ன தாலாட்டா பாடறேன்?

மார்ச் 13, வியாழன்

இன்னொரு தடவை செய்தேன். நேர்கோடு.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்து போனேன். தண்ணீர் குடிப்பதற்குள் பிடித்துவிட்டாள். அவளிடம் முகத்தை மறைக்க முடியாது; கண்ணாடியில் முகம் பார்த்தே பிழைப்பு நடத்தியவள்.

சொன்னேன். அவள், "சின்ன வயசுலயே சொன்னேன், உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு" என்றாள். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டாள். பந்தயம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

கிளம்பும்போது அவளைப் பார்த்தேன். மடியில் வலது கையைப் போட்டு இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு வரும்வரை மனசு கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஆய்வகத் தலைவர் கூப்பிட்டார். மே நடுவுக்குள் இரண்டு ஆய்வகமும் ஒரே விடை சொல்லாவிட்டால், இதைப் பற்றி நான் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் மரியாதை என்றார். நியாயம்தான். கோபமே வரவில்லை, அதுதான் வருத்தமாக இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. அத்தான் வீட்டுக்குள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன அத்தான் என்றேன். தலையில் காற்று பட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மின்விசிறி முழு வேகத்தில் அவர் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

பளிச்சும் நானும் மின்னஞ்சலில் மோதிக்கொள்கிறோம். இருவருமே மிகவும் மரியாதையாக. "தங்கள் பிப்பெட்டுகள் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று அவர். "தங்கள் ஆய்வகத்தில் தரை துடைக்கும் திரவம் எது என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று நான். ஈஸ்ட்காரர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, நேரில் போய்ச் சண்டை போட்டால் சீக்கிரம் முடியும் என்றார். மனிதர் இந்த வருடம் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அத்தான் சாப்பாட்டு மேசையிலும் தொப்பியைக் கழற்றவில்லை. வியர்த்து ஊற்றுகிறது. மருத்துவரைப் பாருங்கள் என்றேன். அக்கா சமையலறையில் எதையோ கீழே போட்டுவிட்டு இருமினாள்.

ஏப்ரல் 28, திங்கள்

ரயில் பிடித்து பளிச்சின் ஊருக்கு வந்தாயிற்று. வாசலிலேயே செருப்புக்கு உறை, தலைக்கு வலை. என் முடிக்கு ஒரு வலை போதவில்லை. இரண்டு போட்டார்கள்.

பளிச் நான் நினைத்த மாதிரி இல்லை. குட்டையாக, சிரித்த முகமாக இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். "வாங்க சார், சண்டைய முதல்ல வெச்சுக்கலாமா, டீ குடிச்சிட்டா?" என்று கேட்டார். டீ குடித்தோம்.

பிறகு நாள் முழுக்க அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கண்ணாடி ஊசிகளை எதிரெதிரே மாட்டி, நடுவில் பொடித் துளைகள் உள்ள வடிதாளை வைத்து, கொழுப்புக் கரைசலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத் தள்ளவேண்டும். அப்போதுதான் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழிகளாக உடையும். நான் இதைச் செய்யும்போது கட்டைவிரல் கழன்றுவிடும், பாட்டு கேட்டுக்கொண்டு எண்ணிக்கையை விட்டுவிடுவேன். அவர் ஒரு தள்ளு கூடக் குறைக்காமல், கூட்டாமல் செய்தார். பிசகே இல்லை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவருக்கு வருவதுதான் சரியான விடை, எனக்கு வந்தது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று தோன்றிவிட்டது.

மாலையில் குழாய்களுக்கெல்லாம் பெயர் ஒட்டி எடுத்து வைத்துவிட்டு, காலையில் புரதம் சேர்க்கலாம் என்றார். அறைக்கு வந்து படுத்துக்கொண்டேன். அக்காவிடம் என்ன சொல்வது? நானும் பார்த்தேன், அவங்க செஞ்சதுதான் சரி, பந்தயம் போச்சு, நீ கத்திரிய எடுக்க வேண்டாம் — இதையா சொல்ல?

ஏப்ரல் 29, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை, மனசு அப்படிக் குதிக்கிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பளிச் குழாய்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றை எடுத்தேன். சில்லென்று இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். லேசாகப் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. என் மேசையில் என் குழாய்கள் எப்போதும் தண்ணீராக இருக்கும். உற்றுப் பார்த்தால் கொஞ்சம் நீலம் தெரியும், அவ்வளவுதான்.

"மேடம், இது ராத்திரி எங்க இருந்துச்சு?"

"ஃபிரிட்ஜ்லதான். வேற எங்க வைப்பாங்க?"

"நான் மேசை மேல வைப்பேன்."

என் சோற்றை நான் ஷூவுக்குள் வைப்பேன் என்று சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். எதற்காக என்று கேட்டார். எதற்காகவும் இல்லை, எங்கள் ஃபிரிட்ஜில் ஈஸ்ட்காரர் குடியிருக்கிறார், எனக்கு இடம் கிடையாது என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்துவிட்டது. அவருக்கும் அதே நேரத்தில் எரிந்திருக்க வேண்டும், குழாயை என் கையிலிருந்து பிடுங்கினார்.

வெண்ணெய் குளிரில் கெட்டிப்படும். இந்தக் கொழுப்பும் அப்படித்தான்; அறைச் சூட்டில் நெகிழ்ந்து கிடப்பது ஃபிரிட்ஜுக்குள் போனால் இறுகிவிடுகிறது. இறுகிய சின்னக் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய குமிழிகளாகிவிடுகின்றன. வெளியே எடுத்துச் சூடாக்கினாலும் பழையபடி பிரிவதில்லை. கொழுப்பின் அளவு இம்மியும் குறையவில்லை, ஆனால் வெளிப்பரப்பு குறைந்துவிட்டது. பத்து உருண்டைகளைச் சேர்த்து ஒரே உருண்டையாகப் பிடித்தால் வெளித்தோல் குறையுமே, அதுதான். அதாவது நம் ஆட்கள் படுக்க இடம் இல்லை. நெருக்கடி. சிக்கல். நார்.

அவருக்குக் கோடு ஏறியதும் சரி, எனக்கு ஏறாததும் சரி. என் கட்சியை இதைவிட அழகாக யாராலும் நிரூபிக்க முடியாது. அதே கொழுப்பு, அதே அளவு. இடம் இருந்தால் அடக்குகிறது, இடம் போனால் தூண்டுகிறது.

பளிச் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு. "நான் பொறுப்பா இருந்ததுதான் தப்பா போச்சா" என்றார். நான், என் செய்முறையில் ஃபிரிட்ஜ் என்ற வார்த்தையே இல்லையே என்றேன். "அதான் சார், எழுதவே தேவையில்லைன்னு நினைச்சேன். சோறு சாப்பிட்டா கை கழுவணும்னு யாராவது எழுதுவாங்களா?"

புதுக் குமிழிகளை அங்கேயே செய்தோம். இந்த முறை மேசை மேல். ஃபிரிட்ஜில் வைக்காமல் கதவைச் சாத்திவிட்டு வர அவருக்கு உடம்பெல்லாம் கூசுவது கண்ணால் தெரிந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 30, புதன்

ஊர் திரும்பிவிட்டேன். ஈஸ்ட்காரரைக் கட்டிப் பிடித்தேன். மனிதர் மிரண்டுபோய் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு தருகிறேன் என்றார். தயவுசெய்து தராதீர்கள் என்றேன்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. பளிச்சின் கருவி முழுதாக ஓடி முடியட்டும். இந்த முறை அரைகுறையாகப் போய் நிற்கமாட்டேன்.

மே 4, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. போனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். வேலை என்று பொய் சொன்னேன்.

மே 9, வெள்ளி

காலை வந்ததும் பளிச்சின் மின்னஞ்சல். ஒரே வரி: "மூன்று குழாய், மூன்று நேர்கோடு, என் மேசையில் கறை." தலைவரிடம் காட்டினேன். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டாம், ஃபிரிட்ஜ் கதையையும் சேர்த்துப் பெரிதாக எழுது என்றார். என் முதுகில் தட்டினார். தட்டிய கை முடியில் சிக்கிக்கொண்டது.

மதியத்துக்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை. அக்கா கடைக்கு நடையும் ஓட்டமுமாகப் போனேன். உதவிக்காரப் பெண் ஒரு நாற்காலியில் யாருக்கோ முடி அலசிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் அத்தான், தொப்பியோடு. நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிரிட்ஜ், வெண்ணெய், மூன்று நேர்கோடு. என் நேர்கோடு அவள் தலை வரை வந்து சேர இன்னும் எத்தனை வருடமோ, வருமோ வராதோ, அதையும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஜெயிச்சுட்டேன்க்கா. கத்திரிய எடு."

அவள் டிராயரைத் திறக்கவில்லை. மேலங்கிப் பையில் கைவிட்டுக் கத்திரியை எடுத்தாள்.

நான் விழித்தேன். அவள் அத்தானிடம் போய் தொப்பியை உருவினாள். ஐயோ அந்தத் தலை. பின்பக்கம் படிக்கட்டு. காதோரம் ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். உச்சியில் எலி கடித்த மாதிரி ஓர் இடம். ஆனால் முன்பக்கம், நெற்றிக்கு மேலே, அப்படி ஓர் அழகான வெட்டு. அது இந்த வாரத்துது என்றார் அத்தான், பெருமையாக.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நீ தோத்துட்டேன்னு வந்து நின்னியே, அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து." கத்திரியைத் துணியில் துடைத்தாள். "உன் மூஞ்சியப் பார்க்க சகிக்கல. நீயும் காத்துக்கிட்டு, நானும் காத்துக்கிட்டு, ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருந்தா எப்படிடா?"

அவளே சொன்னாள், மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் கை சொன்ன பேச்சு கேட்கிறதாம். மடியில் சும்மா கிடக்கும்போதுதான் ரொம்ப ஆடுகிறதாம், வேலை கொடுத்தால் பெரும்பாலும் அடங்குகிறதாம். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்து அவளுக்குப் போன வருடமே சொன்னவன். சொன்னதோடு சரி. தலையைக் கொடுத்தவர் அத்தான்.

உட்கார்ந்தேன். துணி போர்த்தினாள். அவள் கை என் தோளில் ஆடியது, சீப்பை எடுத்ததும் கொஞ்சம் ஆடியது, கத்திரி முடியைத் தொட்டதும் நின்றது. முன்னைவிட மெதுவாக வெட்டினாள். வெகுநேரம் ஆனது. எனக்குக் காது கூசவேயில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே அழுதேன், அவள் தலையை ஆட்டாதே என்று குட்டினாள்.

மே 12, திங்கள்

வாயிற்காவலர் மறுபடியும் அட்டை கேட்டார். மருந்து வேலை செய்யவில்லையா சார் என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

பளிச் வேலையாக ஊருக்கு வந்தவர், அக்கா கடையைப் பார்க்கவேண்டும் என்றார். கூட்டிப் போனேன். பார்க்க வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார். அக்கா முடித்ததும் கண்ணாடியில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் குட்டையோ என்றார். "உங்க தலைதான் கோணல் மேடம்" என்றாள் அக்கா. பளிச் சற்று யோசித்து, இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

அத்தானுக்கு முடி வளர்ந்து சரியாகிவிட்டது. தொப்பியை மடித்துப் பரணில் போட்டாயிற்றாம்.

எனக்கும் காதோரம் வளர்ந்துவிட்டதே, இன்றைக்கு அப்படியே வெட்டிவிடு என்றேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையில் மாத்திரை வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும்தான் ஆள் எடுக்கிறாளாம், அதற்கே இந்த வாரம் இடம் இல்லையாம். அடுத்த வாரம் வந்து வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டாள்.